ழகரம் தொலையும் இடம்

கோயில் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை மைவி கார் நிற்கிறது. சுவாமி புறப்பாட்டுக்கு இன்னும் இருபது நிமிடம். அறிவிப்பாளர் வண்டி எண்ணை மலாயில் ஒரு முறையும் தமிழில் இரண்டு முறையும் சொல்லிவிட்டார். வண்டிக்காரரோ பின்புறத்து அன்னதானக் கொட்டகையில், இரண்டாவது கரண்டி சாம்பாருக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருக்கிறார். ஒலிபெருக்கிச் சத்தம் அவர் காதில் நன்றாகவே விழுகிறது. நாலு என்றார்களா, ஏழு என்றார்களா என்பதுதான் பிடிபடவில்லை. பக்கத்து இலைக்காரரைக் கேட்கிறார்: "என்னண்ணே சொல்றாங்க?"

"பூசைக்கு வரச் சொல்றாங்க போல."

இதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் மேடைப் பக்கம் வந்து, "தம்பி, பின்னாடி ஒண்ணும் கேக்கலையாம், ஏத்து" என்கிறார். சவுண்ட் சிஸ்டம் தம்பி ஏற்றுகிறார். கீச்சென்று ஓர் ஊளை கிளம்பி மண்டபத்தையே கிழிக்கிறது. மடியில் தூங்கிய குழந்தை அலறி எழுகிறது. தம்பி இறக்குகிறார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் திருவிழா மாதங்களில் எந்த மாலையிலும் இதைப் பார்க்கலாம். சத்தம் போதவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சத்தம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. மைக்குக்கும் காதுக்கும் நடுவில் எங்கோ மெய்யெழுத்துகள்தான் கழன்று விழுந்துவிட்டன.

மனிதக் குரலின் பலம் பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது. ஆ, ஓ போன்றவை ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வயிறு நிறையச் சத்தத்தோடு ஒலிக்கும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகள் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், உயிரொலிகளைவிடப் பல மடங்கு நோஞ்சானாக இருக்கும். தமிழுக்கு இதில் கூடுதல் வம்பு. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக்காட்டும் தடயம் பெரும்பாலும் 'மூன்றாம் ஒத்ததிர்வு' என்று ஒலியியலார் சொல்லும் ஒரு சிறு மேட்டில் இருக்கிறது. நாக்கை மடித்து ழ சொல்லும்போது அந்த மேடு கீழிறங்கி 2000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடும். அந்த இடத்தை மங்கலாக்கும் எதுவும் வாழையை வாலையாக்கிவிடும். (மைக்கைப் பிடிப்பவரே 'வாலைப்பலம்' என்பவராக இருந்தால் அதற்கு ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்லி என்ன பயன்?)

ஊளைக்கு வருவோம். மைக் கேட்டதை ஸ்பீக்கர் சொல்கிறது. ஸ்பீக்கர் சொன்னதை மைக் மறுபடி கேட்கிறது. அது இன்னும் பெரிதாகி வெளியே வருகிறது. இந்த வட்டத்தை ஒரு முறை சுற்றி வரும்போது ஒலி துளியாவது கூடியிருந்தால் கதை முடிந்தது, நொடிக்குள் அது ஊளையாகிவிடும். எல்லாச் சுருதியிலும் ஒரே நேரத்தில் அது கிளம்புவதில்லை. மைக், ஸ்பீக்கர், கூடம் மூன்றும் சேர்ந்து எந்தச் சுருதிக்கு அதிகம் இடம் கொடுக்கின்றனவோ அதில்தான் முதலில் கிளம்பும். அதனால்தான் ஒவ்வொரு கோயிலுக்கும் அதற்கே உரிய ஒரு கீச்சு இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த இயற்பியலாளர் சோரன் லார்சன் இதை ஆராய்ந்ததால், ஐரோப்பாவின் பல மொழிகளில் இன்றும் இதற்கு 'லார்சன் விளைவு' என்றே பெயர்.

மருந்து மிக்சரில் இருப்பதாகத்தான் பலரும் எண்ணுகிறார்கள். முதல் மருந்து காலில் இருக்கிறது: நடந்துபோய் ஸ்பீக்கர் ஸ்டாண்டை மைக்குக்கு முன்னால் நகர்த்தி, அதன் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டாவது மருந்து மைக்கை வாயருகே கொண்டுவருவது. உதட்டிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபெல் கூடும். ஆம்ப்ளிஃபையரில் அதே பலனை எட்ட 16 மடங்கு வாட் வேண்டும். இத்தனை இலாபம் வெறும் கையசைவில் கிடைக்கிறது. ஆனால் நம் பிரமுகர்களோ மைக்கைக் கண்டதும் மரியாதையாக ஓர் அடி பின்வாங்குவார்கள். மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளும் பாடகர்கள் வேறு ரகம். ஒருதிசை மைக் பின்பக்க ஒலியை ஒதுக்குவதற்கு அதன் பின்புறத் துளைகள் திறந்திருக்க வேண்டும். அவற்றைப் பொத்தினால் அது நாலாபக்கமும் கேட்கும் மைக்காகி உடனே ஊளையிடும்.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். முன்வரிசை 2 மீட்டரிலும் கடைசி வரிசை 32 மீட்டரிலும் இருந்தால் நான்கு இரட்டிப்பு, அதாவது 24 டெசிபெல் இழப்பு. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஏற்றினால் முன்வரிசைப் பாட்டிமார் பஞ்சு தேடுவார்கள். ஸ்பீக்கரை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி, முகத்தைச் சற்றுக் கீழே சாய்த்து, கடைசி வரிசையைக் குறிபார்த்து வைப்பது இதனால்தான். அப்போது முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள தூர வித்தியாசம் சுருங்கிவிடும். தலைகளுக்கு நடுவே வைத்த ஸ்பீக்கரின் மெல்லிய மெய்யொலிகளை முதல் மூன்று வரிசையின் முதுகுகளே குடித்துவிடும்.

சரி, கொட்டகையில் இன்னொரு சிறு ஸ்பீக்கரை வைத்துவிட்டால்? நல்ல யோசனைதான். ஆனால் அங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. மின்கம்பியில் குரல் கண்ணிமைக்கும் முன்னே போய்விடும். காற்றில் அது நடந்துதான் வர வேண்டும். பள்ளிப் புத்தகம் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்கிறது. அது 20 டிகிரி குளிருக்கு உரிய கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கின் 30 டிகிரி மாலையில் அது ஏறத்தாழ 349 மீட்டர். பத்துமலையில் 2006இல் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். சிலையின் பாதத்தில் எழுப்பிய 'வேல் வேல்' முருகனின் செவியை எட்ட நொடியில் எட்டில் ஒரு பங்கு ஆகிறது. கணக்குக்குச் சின்ன எண்தான், காதுக்கு அது நீண்ட நேரம். இரண்டு ஒலிகளுக்கு நடுவே 30, 40 மில்லிநொடி வரை இடைவெளி இருந்தால் மூளை அவற்றை ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிளந்துவிடும். கொட்டகை மேடையிலிருந்து 35 மீட்டர் என்றால் இடைவெளி 100 மில்லிநொடி. பக்கத்து ஸ்பீக்கர் 'நாலு' என்று முடிக்கும்போது தூரத்து ஸ்பீக்கரின் 'நா' வந்து அதன் மேல் உட்காரும்.

ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதற்கு வழி காட்டினார். முதலில் வந்து சேரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் எல்லாம் வருவதாகக் காது நம்பும். சில மில்லிநொடி பிந்தி வரும் இரண்டாவது ஒலி 10 டெசிபெல் வரை பெரிதாக இருந்தாலும் அதைத் தனியாகக் கண்டுகொள்ளாது. ஆகவே கொட்டகை ஸ்பீக்கரை 100 மில்லிநொடியோடு இன்னும் 10, 15 சேர்த்துத் தாமதமாகப் பேச வைத்தால் போதும். சாப்பிடுபவருக்குக் குரல் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். தெளிவை மட்டும் பக்கத்து ஸ்பீக்கர் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். இன்றைய டிஜிட்டல் மிக்சர்களில் இதற்கென்றே 'டிலே' என்று ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்துகூடப் பார்க்காத மிக்சர்களே ஊரில் அதிகம்.

கூடம் செய்யும் குழப்பத்துக்கு மட்டும் விசை எதுவும் கிடையாது. 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய விரிவுரை அறையில் யார் பேசுவதும் புரியவில்லை என்று, இளம் ஆசிரியர் வாலஸ் சபைனை அழைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து ஒரு வாய்பாட்டைக் கண்டார். அதை நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு மூடிய மண்டபம். தரையிலும் சுவரிலும் பளபள டைல்ஸ், மேலே சிமெண்ட் கூரை. மேற்பரப்புகள் விழும் ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் விழுங்குகின்றன என்று கொண்டால், எதிரொலிப்பு அடங்க 6 நொடிக்கு மேல் ஆகும். ஆறு நொடிக்குள் ஒரு பேச்சாளர் பத்துப் பன்னிரண்டு சொல்லைக் கொட்டிவிடுவார். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காற்றிலேயே மிதக்கும். அதே மண்டபத்தில் 200 பேர் வந்து உட்கார்ந்தால், பட்டும் பருத்தியும் உடம்புமாகச் சேர்ந்து அதை 2 நொடிக்குக் கீழே கொண்டுவந்துவிடுகின்றன. காலியான மண்டபத்தில் பகல் இரண்டு மணிக்குச் சோதித்துச் சரிசெய்த சத்தம் மாலையில் வேறாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கிள்ளானில் 1892இல் தோன்றிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் பிற்காலத்தில் கருங்கல் திருப்பணி நடந்தது. தீட்டிய கருங்கல் ஒலியை ஏறத்தாழ விழுங்குவதே இல்லை. அத்தகைய கட்டடத்தில் நாகசுரம் தெய்வீகமாகக் கேட்கும், அறிவிப்பு கந்தலாகிவிடும். நீண்ட சுரத்துக்கு எதிரொலிப்பு நல்ல துணை, வேகமான பேச்சுக்கு அதுவே எமன். கல்லோடு சண்டை போடாமல், தூணுக்குத் தூண் சிறு ஸ்பீக்கர்களைக் கேட்பவர் பக்கத்திலேயே வைத்து மெல்லப் பேச வைப்பதும், அறிவிப்பாளரை நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்வதும்தான் அங்கே எடுபடும்.

இத்தனைக்கும் நடுவில், கோபுரத்தருகே கம்பத்தில் தொங்கும் பழைய கூம்பு ஸ்பீக்கரை யாரும் மதிப்பதில்லை. அதன் வரலாறு பெரிது. கலிபோர்னியாவின் நாபாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் உருவாக்கிய கருவி, 1915 டிசம்பர் 24 அன்று சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்குப் பாட்டும் பேச்சும் கேட்கச் செய்தது. அது பேசியது கூம்பின் வழியாகத்தான். மலாயாவிலும் கூம்புக்கு விசித்திரமான ஓர் அத்தியாயம் உண்டு. 1950களின் அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லி, டகோட்டா விமானங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டி வானிலிருந்து பேசினார்கள். இயந்திர இரைச்சலை மீறிச் சொல் புரிய வேண்டும். விமானமோ நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் செய்தியைச் சுருக்கித் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கோயில் அறிவிப்பாளர்களுக்கும் அது உதவும்.

கூம்பு செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள நாகசுரத்தைப் பார்த்தால் போதும். சீவாளி மட்டும் தனியே ஊதினால் வாத்துச் சத்தம் போலத்தான் கேட்கும். குழலும் அணசும் சேர்ந்ததும் வீதியே திரும்பிப் பார்க்கிறது. ஒலிபெருக்கியிலும் சிறிய தகடு ஒன்று பலமாகத் துடிக்கிறது. காற்றோ மிக லேசு, தகட்டின் பலத்தைப் பிடித்துக்கொள்ள அதற்குத் தெம்பில்லை. மெல்ல மெல்ல விரியும் கூம்பு இரண்டையும் சமரசப்படுத்துகிறது. கூம்பில்லாத சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் 100 வாட் வாங்கினால் ஒன்றிரண்டு வாட்தான் ஒலியாகும், மீதியெல்லாம் கம்பிச்சுருளில் சூடு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் பெட்டி 92 டெசிபெல்லும் கூம்பு நேர்முகத்தில் 110 டெசிபெல்லும் காட்டும். அந்த 18 டெசிபெல் வித்தியாசத்தின் பொருள் 63 மடங்கு. ஒரு வாட் கூம்பின் முன் நிற்பவருக்கு 63 வாட் பெட்டியின் சத்தம்! பதிலுக்கு அது கேட்கும் விலை: அடித்தொனியே இருக்காது, பாட்டு தகரம்போலக் கேட்கும். ஆனால் மெய்யெழுத்து வாழும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ்தான் கூம்பின் சொந்த ஊர். பாட்டுக்குப் பெட்டி, அறிவிப்புக்குக் கூம்பு என்று பிரித்துக் கொடுப்பதே புத்திசாலித்தனம். தவிலின் தொப்பிச் சத்தத்தைக் கூம்பில் கேட்க ஆசைப்படுவதுதான் தவறு.

ஜப்பானின் கோபே நகரில் 1934இல் தொடங்கிய டோவா நிறுவனத்தின் கூம்புகள் இந்த வட்டாரத்தில் பரவிய பரவலில், இந்தோனேசியாவில் ஒலிபெருக்கிக்கே 'தோவா' என்று பெயர் நிலைத்துவிட்டது. இத்தகைய கூம்புகளின் முதுகில் 100 வோல்ட் என்று எழுதியிருப்பதைக் காணலாம். அது வயர் செலவுக்குக் கண்டுபிடித்த தந்திரம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 100 மீட்டர் தள்ளி ஒரு 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், போக வர 200 மீட்டர் வயரின் தடை 2.3 ஓம். ஆம்ப்ளிஃபையர் தரும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வயரைச் சூடாக்கவே போய்விடும். மின்சார வாரியம் ஊர் விட்டு ஊர் அனுப்ப உயர் அழுத்தத்தைப் பயன்படுத்துவதுபோல, இங்கே குரலை 100 வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்பி ஒவ்வொரு கூம்பின் முதுகிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மரால் இறக்குகிறார்கள். 30 வாட் கூம்பு அப்போது வயருக்கு 333 ஓமாகத் தெரியும். இழப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 120 வாட் ஆம்ப்ளிஃபையரில் இப்படி நான்கு கூம்பு மாட்டலாம், ஐந்தாவது கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வீட்டு ஸ்பீக்கரை இந்த வரிசையில் செருகினால், அது கடைசியாகப் பாடும் பாட்டு அதுவாகவே இருக்கும்.

ஸ்பீக்கர் சாவதற்கு இன்னொரு வழி, ஏற்றிக்கொண்டே போவது. ஆம்ப்ளிஃபையரின் எல்லையைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகும். உச்சி உயரம் மாறாமலேயே சதுர அலை இரட்டிப்புச் சக்தி சுமக்கும். 100 வாட் ஆம்ப் 200 வாட்டைத் தள்ளும், கூடவே கரகரப்பான உச்சச் சுருதிகளையும். அவை மெல்லிய கம்பிச்சுருளைப் பொசுக்கிவிடும். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிவது அதன் எச்சரிக்கை. உறுமி மேளம் உச்சத்துக்குப் போகும்போது அந்த விளக்கைத் திருவிழா அலங்காரமாக நினைத்துவிடக் கூடாது.

எரிந்த கூம்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பின்மூடியைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 8 ஓம் என்று எழுதிய சுருள் மீட்டரில் 6 பக்கம் காட்டும், 16 ஓம் 12 பக்கம் காட்டும். முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது. புதுத் தகட்டைப் போடுவதற்கு முன் காந்தத்தின் வட்டப் பிளவைப் பார்க்க வேண்டும். நகம்கூட நுழையாத அந்த இடுக்கில் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊதினால் போகாது, காந்தம் விடாது. ஒட்டு டேப்பை மடித்து விளிம்பால் சுற்றி ஒற்றி எடுத்தால் கறுப்புப் பொடியாக வரும். அதை விட்டுவிட்டுத் தகட்டை மூடினால், ஒவ்வொரு ல-வும் ர-வும் உரசலோடு வெளியே வரும்.

ஈரம் இந்த ஊரின் நிரந்தரப் பகைவன். ஸ்பீக்கர் விளிம்பின் நுரை வளையம் குளிர்நாடுகளில் தாங்குவதைவிட இங்கே சீக்கிரம் பிசுபிசுத்து உதிரும். ஜாக்குகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கிள்ளான் துறைமுகம் பக்கம் உப்புக்காற்று சேர்ந்து திருகாணிகளைத் தின்னும். கூம்பை எப்போதும் சற்றுக் கீழ்நோக்கி மாட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் மழையிலேயே அது கிண்ணமாகிவிடும். குளவி கட்டிய கூடு தொண்டையை அடைத்திருந்தாலும் குரல் கம்மும். மூடிவைத்த ஆம்ப்ளிஃபையரைத் திறந்தால் காய்ந்த பல்லி ஒன்று மின்தகட்டில் குறுக்கே கிடப்பது ரிப்பேர்காரர்களுக்குப் புதிதல்ல. ஆண்டில் பாதி நாளுக்கு மேல் இடி இடிக்கும் வட்டாரம் என்பதால், வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்குவதுதான் மலிவான காப்பீடு. 'ஊம்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், மிக்சரும் ஆம்பும் வெவ்வேறு சுவர்ப் பிளக்கில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் பெரும்பாலும் முனகல் நின்றுவிடும். முனகலை நிறுத்த எர்த் கம்பியை வெட்டுபவர் மைக் பிடிப்பவரின் உயிரோடு விளையாடுகிறார்.

பிரிக்பீல்ட்ஸில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. நடைபாதையின் மஞ்சள் புடைப்பு ஓடுகளைக் கோலால் தடவியபடி, வண்டிச் சத்தத்தைக் காதால் எடைபோட்டுச் சாலை கடப்பவர்கள் பலர். அந்த ஓடுகளின் மேல் ஸ்பீக்கர் ஸ்டாண்டை விரித்து, குறுக்கே வயரை இழுத்து, எல்லாச் சத்தத்தையும் மூழ்கடிக்கும்படி பாட்டையும் போட்டால், அவர்களுக்கு அந்தத் தெரு மூன்று விதமாகவும் அடைபட்டுப்போகும். சத்தத்தின் எல்லை பற்றிச் சட்டமும் பேசுகிறது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்று வரம்பு வைக்கின்றன. அந்தக் கணக்கில் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குக் கால்மணி நேரம்தான். கூட்டம் வந்து போய்விடும், ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இரவெல்லாம் நிற்பது சவுண்ட் சிஸ்டம் தம்பிதான்.

அந்தத் தம்பி இப்போது ஸ்டாண்டை மேடைக்கு முன்னே நகர்த்திவிட்டார். கொட்டகைத் தூணில் சிறு ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டி, காலடியால் தூரத்தை அளந்து, டிலேயில் 112 என்று போட்டுவிட்டார். அறிவிப்பாளரிடம் மைக்கை வாயருகே பிடிக்கச் சொன்னார். வண்டி எண் இந்த முறை ஒரே ஒரு தடவைதான் ஒலித்தது. மோர் ஊற்றும் நேரத்தில் எழ வேண்டியிருக்கிறதே என்ற முகத்தோடு ஒருவர் கையைக் கழுவிக்கொண்டு சாவியைத் தேடினார்.

சுவாமி திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. தம்பி முதலில் ஆம்பை அணைத்தார், பிறகு மிக்சரை. மாற்றி அணைத்தால் ஸ்பீக்கரில் 'டமார்' என்று ஓர் அடி விழும். வயரை முழங்கையில் சுற்றாமல், ஒரு வளையம் மேலாகவும் அடுத்தது கீழாகவும் சுருட்டினார். முறுக்கேறாமல் நாளைக்கு அப்படியே பிரியும். விட்டு விட்டுப் பேசிய வயர் ஒன்றின் நுனியில் சிவப்பு டேப் ஒட்டித் தனியே போட்டார். துணியால் ஈரம் துடைத்த மைக்குகளோடு ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். லோரியில் கூம்பு கடைசியாக ஏறியது. நாளை மாலை கிள்ளானில் ஒரு கல்யாணம், டைல்ஸ் போட்ட மண்டபமாம்.